கல்யாணப் பதிவில் ஒரு மாமன் மகள்

1

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன், அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. மட்டாஞ்சேரியில் முடிவெட்டும் கடையில் முறைக்காகக் காத்திருக்கும்போது, அங்கே கிடந்த பழைய வார இதழ்களைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்து பழகியது. ளகரமும் ழகரமும் இடம் மாறியிருந்தால் ஆண்டு மலரை அச்சிடுபவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

எழுதச் சொன்னது பள்ளுருத்தியில் இருக்கும் என் தங்கையின் கணவர். நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் வேலையை இந்த முறை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். "மச்சான், ஜெர்மனியைப் பத்தி நாலு பக்கம் எழுதுங்க. பனி, பாலம், காரு, எதுன்னாலும் மதி, போதும்" என்றார். பனியைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அது விழுகிறது, நான் அதை வாசலிலிருந்து வாரித் தள்ளுகிறேன். எனக்கு ஓரளவு தெரிந்த வேறொன்றை எழுதுகிறேன். இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பதிவுகளை எப்படித் தேடுவது, கிடைத்தால் எப்படிப் படிப்பது என்பது. அதை நான் கற்றுக்கொண்டது என் மாமியாருக்காக. போன மாதம் எங்களுடைய பதினைந்தாவது கல்யாண நாள் அவர் வீட்டில் நடந்தது. அன்று பேசிய பேச்சு இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

மாமியார் என்றே எழுதுகிறேன். அவர் பெயரை எழுதக் கை வரவில்லை.

2

நான் இருப்பது வடக்கு ஜெர்மனியில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். கப்பல் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்து, இந்தப் பக்கம் வந்து இறங்கி, ரொட்டிக்கடையில் நின்ற கரினைப் பார்த்து, கட்டிக்கொண்டு, தங்கிவிட்டேன். இப்போது மருத்துவமனைச் சமையலறையில் வேலை. காலையில் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து வெலிங்டன் தீவுக்குப் படகில் போய்வந்த எனக்கு, இங்கே முதல் நாளே பழகிப்போனது இது ஒன்றுதான். ஆனால் இந்தப் படகில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நம் படகில் மறுகரை வருவதற்குள் பக்கத்திலிருப்பவரின் மகளுக்கு வரன் பார்த்து முடித்துவிடுவார்கள்.

இவர்கள் மொழியிலும் நம்மைப்போல் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. நான் நினைத்தேன், அப்படியானால் பிழைத்துக்கொள்ளலாம் என்று. பிறகுதான் தெரிந்தது, இவர்கள் 'நீங்கள்' நம் 'நீங்கள்' இல்லை. குடும்பத்துக்குள் பெரியவர், சிறியவர் எல்லோரும் 'நீ'தான். 'நீங்கள்' என்பது தபால்காரருக்கும் வங்கிக்காரருக்கும் சொல்வது. என் மாமியார் கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்கள்' என்றுதான் சொல்லிவந்தார். பெயரோடு 'திரு' சேர்த்து அழைப்பார். மனைவியின் அக்கா கணவரை மட்டும் 'நீ' என்பார். இதிலிருந்து எனக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைக் காப்பிக்குப் போவோம், கேக் வெட்டித் தருவார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் பதினைந்து வருடமாக விருந்தாளி. கரினிடம் சொன்னால், "அம்மா பழைய காலத்து ஆள், விடு" என்பாள்.

போன வருடம் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து வீட்டோடு ஆனார். சும்மா உட்கார முடியாமல் தன் முன்னோர்களைத் தேடத் தொடங்கினார். பெரிய மருமகன், அதாவது அக்கா கணவர், தொலைவில் இருக்கிறார். கரினுக்குக் கடை. எனக்குப் பிற்பகலில் வேலை முடிந்துவிடும். அதனால் அலுவலகத்துக்கு அலையும் வேலை எனக்கு வந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

3

ஜெர்மனியில் கல்யாணத்தைத் தேவாலயத்தில் மட்டும் செய்தால் செல்லாது. ஊருக்கு ஊர் பதிவு அலுவலகம் இருக்கிறது. அங்கே பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம். என் அப்பாவின் தாத்தா காலத்திலிருந்தே அப்படி. அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் தேவாலயப் புத்தகங்களைத்தான் பார்க்க வேண்டும்.

தேடுவதற்கு ஊர் பெயரும் உத்தேசமான வருடமும் வேண்டும். பெரும்பாலும் பெண்ணின் ஊரில்தான் பதிவாகியிருக்கும். வருடத்துக்கு ஒரு பெயர் வரிசை வைத்திருப்பார்கள். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் காட்டமாட்டார்கள். நேர் வாரிசாக இருக்க வேண்டும். சட்டம் மாறப்போகிறது, பழைய புத்தகங்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், பிறகு யாரும் பார்க்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் போனபோது அப்படி இல்லை.

மாமியாரின் தாத்தா பாட்டி கல்யாணப் பதிவைக் கேட்டேன். அங்கே இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, இந்தத் தம்பதிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். அவர்கள் பேத்தியின் மருமகன் என்றேன். மருமகன் வாரிசு ஆகமாட்டார் என்றார். தவறாகச் சொல்லவில்லை, சட்டத்தைச் சொன்னார். மாமியாரிடம் அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையின் நகலும் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். 

அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு எப்போதும் மட்டாஞ்சேரி நகராட்சி அலுவலகம் ஞாபகம் வரும். என் கல்யாணத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று இங்கே கேட்டார்கள். நான் லீவில் ஊருக்கு வந்து அங்கே போய் நின்றேன். நகராட்சியில் வேலை பார்த்தவர் என் அப்பா. அந்த முற்றத்தை எத்தனையோ வருடம் பெருக்கியவர். அந்தக் கட்டடத்துக்குள்ளே எங்கள் வீட்டு மனிதர்கள் யாருடைய பிறப்பும் பதிவாகியிருக்கவில்லை. அப்பா அம்மா கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது. அதற்கும் காகிதம் இல்லை. கடைசியில் ஒரு சாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். கொச்சங்காடியில் நான் கிடங்கு வேலை பார்த்தபோது தினமும் சாயா குடித்த கடையின் சேட்டன் கடையை அடைத்துவிட்டு வந்தார். அதிகாரி, இவரை எப்படித் தெரியும் என்று மலையாளத்தில் கேட்டார். சேட்டனுக்குக் கேள்வியே பிடிக்கவில்லை.

"எப்படி அறியும்னு சோதிச்சா? எனக்கு அறியாம். அவ்வளவுதான்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது, தெரியும் என்று அர்த்தம்.

அதை எழுதிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தார்கள்.

4

பதிவின் நகல் தபாலில் வந்தது. அச்சிட்ட படிவம், நடுவில் கையெழுத்து. அந்தக் காலத்து ஜெர்மன் எழுத்து வேறு மாதிரி. இப்போது படித்தவர்களுக்கே புரியாது. கரின் பார்த்துவிட்டு, கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்றாள். மாமியார் சிறுமியாக இருந்தபோது பள்ளியில் அந்த எழுத்தைப் படித்தவர். ஆனால் கண் மங்கிவிட்டது, பூதக்கண்ணாடி வைத்தாலும் எழுத்து கலங்குகிறது என்றார்.

எனக்குக் கண் இருக்கிறது, எழுத்து தெரியாது. அதனால் ஒரு வழி செய்தோம். நான் நகலைப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும், என்ன சொல் என்று தெரியாமலே, தடித்த பேனாவால் பெரிய தாளில் உள்ளங்கை அகலத்துக்கு வரைவேன். அவர் அதைப் பார்த்து வாசிப்பார். தமிழை அப்படித்தானே வரைந்து பழகினேன். இந்த எழுத்தில் 'e' என்பது 'n' போல இருக்கும். 'u' தலையில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை விட்டுவிட்டால் வேறு எழுத்தாகிவிடும். நான் கொக்கியை விட்டால் மாமியார் விரலால் மேசையைத் தட்டுவார். "கொக்கி, திரு வேலாயுதன், கொக்கி" என்பார். 

வேலாயுதன் என் அப்பா. நம் ஊரில் நான் வே. முருகேசன். இங்கே கடைசிப் பெயர் கேட்டார்கள், அப்பா பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் 'டேய்' என்றும், தமிழன் என்பதால் 'பாண்டி' என்றும் அழைத்த அப்பாவை இங்கே படகு டிக்கெட் கொடுப்பவர்கூட 'திரு' போட்டுக் கூப்பிடுகிறார்.

ஞாயிறு தோறும் இப்படி வேலை நடந்தது. படிவத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கீழே கையெழுத்திடும் பதிவாளர் முன்பாக இன்று திருமணத்தின் பொருட்டு வந்தவர்கள். ஒன்று, மணமகன், என்ன தொழில், 'ஆள் இன்னார் என்று தெரிந்தவர்', என்ன மதம், எங்கே பிறந்தவர், யார் மகன். அம்மாவின் பெயருக்குப் பின்னால் அவர் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். இரண்டு, மணமகள், அதே போல. பிறகு சாட்சிகள். கடைசியில், 'வாசித்துக் காட்டி, ஒப்புக்கொண்டு, கையெழுத்திடப்பட்டது'. 

'ஆள் இன்னார் என்று தெரிந்தவர்' என்ற வரியை மாமியார் வாசித்ததும் நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். சாயாக்கடைச் சேட்டன் கதையைச் சொன்னேன். அவரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

5

மீனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மகள், பதினான்கு வயது. சின்ன வயதில் நான் பேசும் தமிழுக்கு ஜெர்மனில் பதில் சொல்வாள். இப்போது பதிலும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது தங்கை வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில் கால் நனைத்தாள். அட்டை ஒட்டிக்கொண்டது. தங்கையின் பிள்ளைகள் 'அட்டை, அட்டை' என்று கத்திக்கொண்டு உப்பு எடுத்து வந்தார்கள். இவள் அழுகையை நிறுத்திவிட்டு, அது எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்தாள். அவளுக்கு இன்றைக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் சாயா, மழை, போதும் ஆகியவற்றோடு அட்டையும் ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். தாத்தா பாட்டியின் கல்யாணப் பதிவை நாங்கள் வாசித்து முடித்திருந்தோம். நான் வரைந்த தாள்களை மாமியார் அவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. மாப்பிள்ளையின் அம்மா பிறந்த வீட்டுப் பெயர் ஹார்ம்ஸ். பெண்ணின் அப்பா பெயரும் ஹார்ம்ஸ். அப்படியென்றால் அம்மாவின் அண்ணன் மகள். மாமன் மகள். 

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நான் ஜெர்மன் பேசமாட்டேன். அன்று பேசினேன். உங்கள் தாத்தா மாமன் மகளைக் கட்டியிருக்கிறார், அது எவ்வளவு நல்ல சம்பந்தம், எங்கள் ஊரில் அதுதான் முறை, என் அப்பாவும் மாமன் மகளைத்தான் கட்டினார் என்றெல்லாம் சொன்னேன்.

ஒரு தோழி கேக்கைப் பார்த்தார். மாமியார் தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்து மூடினார். மீனா மேசைக்கு அடியில் என் காலை உதைத்தாள். திரும்பும்போது காரில், "அப்பா, இங்கே அதை வெளியில் சொல்லமாட்டார்கள். அவமானம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும். கிடைத்த ஒரே சிரிப்பையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

6

தங்கைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"இங்க ஒரு மாமன் மகள் இருந்தாளே, அவளைக் கெட்டாம கப்பல் ஏறினது யாரு? இப்ப வெள்ளைக்காரனுக்கு மாமன் மகள் தேடிக் குடுக்குறியாக்கும்."

மாமா மகள் இப்போது பள்ளுருத்தியில்தான் கணவன் பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அதனால் இதை எழுதுவதில் தப்பில்லை. 

"போட்டும் அண்ணா. அந்த அம்மாளை நீ என்னன்னு விளிப்பே?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் விளிக்கிறதில்ல" என்றேன். 

உண்மைதான். பக்கத்தில் போய் நிற்பேன், அவர் திரும்பிப் பார்ப்பார், பேசுவேன். பதினைந்து வருடம் இப்படியே ஓடியிருக்கிறது. 

போனை வைத்த பிறகு அப்பா ஞாபகம் வந்தது. அம்மா பிறந்த வீடு, அப்பாவுக்கு மாமா வீடு, சுவருக்கு அந்தப் பக்கம். அப்பா வேலை முடிந்து, குழாயடியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு அந்தச் சுவரருகே நின்று, "அத்தை, இன்னைக்கு என்ன மீன்?" என்று கேட்பார். கல்யாணத்துக்கு முன்னாலும் அப்படித்தான் கேட்டாராம். "உனக்குக் குடுக்க மீன் இல்ல" என்று அங்கிருந்து பதில் வரும். பிறகு கிண்ணம் வரும். குழம்பில் புளி போதவில்லை என்று அப்பா சண்டை போடுவார். அன்றைக்கெல்லாம் அது எனக்குச் சத்தமாகத்தான் கேட்டது. இந்த ஊரில் கேக்கை முள்கரண்டியால் சத்தமில்லாமல் வெட்டும்போது, இப்படிச் சண்டை போட ஒரு மாமியார் வீடு வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது ஞாயிறுக்கு முன்னால் மாமியார் கரினைக் கூப்பிட்டு, உன் கணவர் சொன்னது உண்மையா என்று ஒழுங்காகக் கண்டுபிடிக்கச் சொல் என்றார். 

வழி ஒன்றுதான். இன்னும் ஒரு தலைமுறை மேலே போக வேண்டும். மாப்பிள்ளையின் பெற்றோர் கல்யாணப் பதிவை எடுத்தால் அந்த ஹார்ம்ஸ் பெண் யார் மகள் என்று தெரியும். பெண்ணின் பெற்றோர் பதிவை எடுத்தால் இந்த ஹார்ம்ஸ் யார் மகன் என்று தெரியும். இரண்டும் ஒன்றானால் அண்ணன் தங்கை. புதிய அதிகாரக் கடிதத்தோடு போனேன். அடையாள அட்டையை எடுக்கப் பையில் கை விட்டபோது அந்த அலுவலக அம்மாள், "வேண்டாம், உங்களைத்தான் தெரியுமே" என்றார். படகில் வரும்போது அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

7

நகல்கள் எங்கள் கல்யாண நாள் வாரத்தில் வந்தன. மாமியார் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் கொண்டாடலாம் என்றார். நாங்கள் நான்கு பேர்தான். கேக் வெட்டுவதற்கு முன்பே அவர் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டார். நான் வரைந்தேன், அவர் வாசித்தார். 

ஒரு ஹார்ம்ஸ் இந்தக் கரையில் ஒரு தச்சரின் மகள். இன்னொரு ஹார்ம்ஸ் வேறு ஊரில் ஒரு கூலிக்காரரின் மகன். அம்மாக்களும் வேறு. அண்ணன் தங்கை இல்லை. அந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் நிறைய இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊரில் வீட்டுப் பெயரை வைத்து முறை பார்க்கிற வழக்கத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

நான் சொன்னது தவறு, உங்களை உங்கள் தோழிகள் முன்னால் சங்கடப்படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். மனதுக்குள் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"அடடா, இல்லையா" என்றார் மாமியார். அவர் முகத்திலும் ஏமாற்றம்தான். 

கரினும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்தீர்களா? முதலில் கோபம்தான். பிறகு வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரில் மாமன் மகளைக் கட்டியவர் தன் மாமியாரை என்னவென்று கூப்பிடுவார்?"

"அத்தை."

"கல்யாணத்துக்கு முன்னால்?"

"அப்போதும் அத்தைதான். பிறந்ததிலிருந்து."

"அப்படியானால் அந்த மாமியாருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எனக்கு இல்லை" என்றார்.

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்கள் கல்யாணத்தன்று மதுக் கோப்பையை உயர்த்தி என் பெயரைச் சொன்னேன். இந்த நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? இனி என்னைப் பெயர் சொல்லி 'நீ' என்று கூப்பிடு என்று அர்த்தம். நீங்கள் கைகூப்பிவிட்டு, 'உங்களுக்கு நன்றி, அம்மணி' என்றீர்கள். நான் கொடுத்தேன், நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருடம்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தன் பெயர் என்ன என்று சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறென்ன செய்ய முடியும், கைகூப்பினேன். என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். எங்களிடம் மாமியார் பெயரை மருமகன் வாயால் சொல்லமாட்டான். 'நீ' என்றும் சொல்லமாட்டான், வேறு வீட்டுக்காரர் என்பதால் இல்லை. மரியாதை. நாக்கு எழும்பாது. நீங்கள்தான் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டா?" என்றாள் கரின்.

மாமியார் பூதக்கண்ணாடியை உறைக்குள் வைத்தார். பிறகு, "உங்களுக்கு எது வருமோ அதைச் சொல்லுங்கள்" என்றார்.

"அத்தை" என்றேன். 

அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். இவர்கள் நாக்குக்கு நம் தகரம் வராது. "அட்டை" என்றார். இன்னொரு முறை, இன்னும் அழுத்தமாக, "அட்டை". 

வாயில் கேக்கோடு சிரித்ததில் மீனாவுக்குப் புரையேறிவிட்டது. பாட்டிக்கு அதன் அர்த்தத்தை அவளே சொன்னாள், குளம், கால், உப்பு எல்லாம் விளக்கி. ஊரில் நடந்ததை அவள் இத்தனை நேரம் யாருக்காவது சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, "அட்டை இல்லை பாட்டி, நாக்கைப் பல்லில் வை" என்று பாடம் வேறு. அவளுக்கு அந்த எழுத்து சுத்தமாக வந்தது. 

மாமியார் கேட்டுக்கொண்டார். "ஒட்டிக்கொண்டால் விடாத பிராணிதானே. எனக்கு அது போதும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்னை 'நீங்கள்' என்றே சொல்லுங்கள், அந்தப் பெயரோடு. நான் உன்னை 'நீ' என்பேன். கேக் எடுத்துக்கொள், முருகேசன்."

எடுத்துக்கொண்டேன். சர்க்கரை குறைவாக இருந்தது. 

"அத்தை, இனிப்பு போதவில்லை" என்றேன்.

"உனக்குக் கொடுத்ததே அதிகம்" என்றார்.

8

மறுநாள் திங்கட்கிழமை. மழை. மருத்துவமனையில் உருளைக்கிழங்கு சூப். வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி அடித்தது. "அட்டை பேசுகிறேன். உன் குடை இங்கே இருக்கிறது" என்றார். போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.